கார்லி லாய்டை எங்கே நிறுத்துவது?

கேள்வி இதுதான்: “அமெரிக்கப் பெண்கள் கால்பந்து அணியின் கார்லி லாய்ட் 134 சர்வதேச கோல் அடித்தவர். அப்படியிருந்தும் ஏன் அவரை மிட்ஃபீல்டர் என்றே எழுதுகிறார்கள்? 2015 உலகக் கோப்பை இறுதியாட்டத்தைக் கழித்துவிட்டால் அவருடைய கரியரில் என்ன மிஞ்சும்?”

இரண்டுக்கும் பதில் ஒரே இடத்தில்தான் இருக்கிறது. லாய்ட் 2005 ஜூலையில் உக்ரைனுக்கு எதிராகத் தன் முதல் சர்வதேச ஆட்டத்தை ஆடினார். கடைசி ஆட்டம் 2021 அக்டோபரில், தென் கொரியாவுக்கு எதிராக. இடைப்பட்ட பதினாறு வருஷத்தில் கிரெக் ரையன், பியா சுந்தாகே, டாம் செர்மானி, ஜில் எல்லிஸ், விளாட்கோ ஆண்டனோவ்ஸ்கி என்று பயிற்சியாளர்கள் வந்து போனார்கள். அத்தனை பேருக்கும் ஒரே தலைவலி: இவரை எங்கே நிறுத்துவது, இவருக்குப் பின்னால் யாரை நிறுத்துவது? விடை சரியாக அமைந்தபோதெல்லாம் கோப்பை வந்தது. அமையாதபோது லாய்ட் சாதாரண ஆட்டக்காரராகத் தெரிந்தார், சில நாட்களில் அணிக்குப் பாரமாகவும் தெரிந்தார். அவருடைய கரியரை இந்த ஒரு நூலைப் பிடித்துக்கொண்டு படித்தால்தான் புரியும் என்பது என் கருத்து.

கால்பந்தை எப்போதாவது பார்ப்பவர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். நடுக்களத்தில் பொதுவாக மூன்று விதமான வேலை உண்டு. தற்காப்பு வீரர்களுக்கு முன்னால் நின்று எதிரணியின் பந்தைப் பறித்து, பக்கத்தில் இருப்பவருக்குப் பாதுகாப்பாகக் கொடுப்பது ஒன்று. இதை 6-ஆம் எண் வேலை என்பார்கள். இரண்டு பெனால்டி பெட்டிகளுக்கும் நடுவே ஓடிக்கொண்டே இருப்பது 8-ஆம் எண் வேலை. ஸ்ட்ரைக்கருக்கு (முன்வரிசையில் நின்று கோல் அடிப்பவருக்கு) சற்றுப் பின்னால் நின்று பந்தை ஊட்டுவதும், இடம் கிடைத்தால் தானே அடிப்பதும் 10-ஆம் எண் வேலை. எண்கள் பழைய வழக்கம். முதுகில் வேறு எண் இருந்தாலும் வேலையின் பெயர் இதுதான்.

லாய்டுக்கு முந்தைய தலைமுறையின் ஜூலி ஃபௌடி அசல் மிட்ஃபீல்டர். 274 ஆட்டம், 45 கோல். லாய்ட் 316 ஆட்டத்தில் 134. அமெரிக்கப் பெண்கள் அணியில் அவரைவிட அதிகக் கோல் அடித்தவர்கள் இரண்டே பேர்: ஏபி வாம்பாக் 184, மியா ஹாம் 158. இருவருமே முன்வரிசைக்காரர்கள். ஆக, கேள்வி கேட்டவரின் சந்தேகம் நியாயமானது. ஆனால் லாய்டின் கோல்கள் பெரும்பாலும் ஸ்ட்ரைக்கர் அடிக்கிற வகை அல்ல. எதிரணித் தற்காப்பாளரின் தோளோடு ஒட்டி நின்று காத்திருக்கிற பழக்கம் அவருக்கு ரொம்ப காலம் இல்லை. தூரத்திலிருந்து ஓடிவருவார், அவர் வருவது தெரிவதற்குள் பெட்டிக்குள் இருப்பார். அல்லது இருபது கெஜத்துக்கு அப்பாலிருந்து இரண்டு காலாலும் இடி மாதிரி அடிப்பார். இந்த இரண்டுக்கும் முன்னால் காலி மைதானம் வேண்டும். அந்தக் காலி மைதானம் நடுக்களத்துக்காரருக்குத்தான் கிடைக்கும்.

இதன் மறுபக்கம் அவருடைய குறை. 6-ஆம் எண் வேலை அவருக்கு வரவே இல்லை. நெரிசலில் சின்னச் சின்னப் பாஸ் கொடுத்து ஆட்டத்தை ஆற அமர நடத்துவது அவர் சுபாவம் இல்லை. பத்து கெஜத்தில் ஒரு ஆள் சும்மா நிற்க, நாற்பது கெஜத்துக்குப் பந்தைத் தூக்கி எறிவார். அது எதிரணிக்குப் போகும். பின்னால் ஓடிவந்து பறிக்க வேண்டிய நேரத்தில் முன்னால் நின்றிருப்பார்.

இந்தக் குறையை முதலில் முகத்துக்கு நேரே சொன்னது 2003-இல். நியூ ஜெர்சி மாநிலத்தின் டெல்ரான் என்ற ஊர்க்காரரான லாய்ட் அப்போது ரட்கர்ஸ் பல்கலைக்கழக அணியில் கோல் மேல் கோல் அடித்துக்கொண்டிருந்தார். நான்கு சீசனில் 50 கோல் என்பது அவர் அங்கே விட்டுவிட்டுப் போன கணக்கு. ஆனால் அமெரிக்காவின் 21 வயதுக்குட்பட்டோர் அணியின் பயிற்சியாளர் கிறிஸ் பெட்ருசெல்லி அவரை அணியிலிருந்து எடுத்துவிட்டார். திறமை போதாது என்று அல்ல. பந்து காலில் இல்லாதபோது உழைக்கவில்லை என்பதுதான் புகார். கல்லூரியை முடித்துவிட்டு வேறு வேலை தேடிக்கொள்ளலாம் என்ற முடிவுக்கே வந்துவிட்டார் லாய்ட்.

அப்போது அவர் தந்தை தேடிப்பிடித்தவர்தான் ஜேம்ஸ் கலானிஸ். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து நியூ ஜெர்சியில் பயிற்சிப் பள்ளி நடத்திக்கொண்டிருந்தவர். ஒரு ஆட்டக்காரருக்கு ஐந்து விஷயம் வேண்டும் என்பது கலானிஸின் கணக்கு: பந்துத் திறமை, ஆட்ட அறிவு, உடல் வலு, மன உறுதி, குணம். முதல் இரண்டும் உன்னிடம் இருக்கிறது, மற்ற மூன்றும் இல்லை என்று சொல்லிவிட்டார். பணமே வாங்காமல் பயிற்சி கொடுத்தார். பதினேழு வருஷம் நீடித்தது அந்த உறவு, 2020 வரை. மலை ஏறி இறங்கி ஓடுவது, பண்டிகை நாளிலும் தனியாகப் பயிற்சி என்று லாய்டைப் பற்றிச் சொல்லப்படும் கதைகளெல்லாம் இந்தக் காலத்தில் தொடங்கியவை. அவற்றைக் கேட்டு மெய்சிலிர்ப்பதைவிட, ஒன்றைக் கவனிப்பது உபயோகம்: அந்தப் பயிற்சியால் அவர் நல்ல 6-ஆம் எண்ணாக மாறிவிடவில்லை. 120 நிமிஷமும் ஓடக்கூடிய 8-ஆம் எண்ணாக மாறினார். குறை போய்விடவில்லை, அதை மூடுகிற அளவுக்கு மூச்சு வந்தது.

2007-இல் போர்ச்சுகலின் அல்கார்வே கோப்பையில் சிறந்த ஆட்டக்காரர் விருது வாங்கினார். அதே வருஷ உலகக் கோப்பையில் தன் இடத்தை இழந்தார். அந்தப் போட்டியில் அமெரிக்கா அரையிறுதியில் பிரேசிலிடம் 0-4 என்று நொறுங்கியது. கிரெக் ரையன் பதவியிழந்தார். ஸ்வீடன்காரர் பியா சுந்தாகே வந்தார். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்குக்குச் சற்று முன்னால் வாம்பாக் கால் முறிந்து வெளியேற, யார் கோல் அடிப்பது என்று அணி தவித்துக்கொண்டிருந்தது. முதல் ஆட்டமே நார்வேயிடம் 0-2 தோல்வி. இறுதியாட்டத்தில் மார்தாவின் பிரேசில் மேலோங்கி ஆடியது, ஹோப் சோலோ கோல் வாயில் சுவராக நின்றார். கூடுதல் நேரத்தின் 96-ஆவது நிமிஷத்தில் பெட்டியின் விளிம்பிலிருந்து லாய்ட் இடது காலால் அடித்தது உள்ளே போனது. 1-0, தங்கம். ஷானன் பாக்ஸ் பின்னால் நின்று துப்புரவு செய்ய, லாய்ட் முன்னால் போகலாம் என்ற ஏற்பாடு அப்போது வேலை செய்தது.

இங்கே தொழில்முறை லீக்குகளைப் பற்றிச் சொல்லாவிட்டால் படம் முழுதாகாது. ஆண்கள் கால்பந்தில் ஒருவரின் கரியர் என்றால் எந்த கிளப், எத்தனை வருஷம், எவ்வளவு தொகை என்று வரிசையாகச் சொல்லிவிடலாம். லாய்டின் தலைமுறைக்கு அப்படி இல்லை. 2001-இல் தொடங்கிய அமெரிக்காவின் முதல் பெண்கள் தொழில்முறை லீக் 2003-இல் இழுத்து மூடப்பட்டது. லாய்ட் கல்லூரியை விட்டு வெளியே வந்தபோது போவதற்கு லீக்கே இல்லை. இரண்டாவது லீக் 2009-இல் வந்து மூன்றே சீசனில் முடங்கியது. அந்த மூன்று சீசனிலும் அவர் மூன்று வெவ்வேறு அணி: சிகாகோ ரெட் ஸ்டார்ஸ், ஸ்கை ப்ளூ, அட்லாண்டா பீட். நடுவில் 2010-இல் கணுக்கால் முறிவு வேறு. 2013-இல் தொடங்கி இன்றும் நடக்கிற தேசிய பெண்கள் கால்பந்து லீக்கில் முதல் சீசனின் குறைந்தபட்ச சம்பளம் 6,000 டாலர். மாதத்துக்கு அல்ல, சீசனுக்கு. உச்சவரம்பே 30,000 டாலர்தான். தேசிய அணி ஆட்டக்காரர்களுக்கு அமெரிக்கக் கால்பந்து சம்மேளனமே சம்பளம் கொடுத்தது, அதனால் லாய்ட் பிழைத்தார். தேசிய அணியில் இடம் போனால் தொழிலே போகும் என்ற நிலை. ஒரு பயிற்சியாளர் தன்னை பெஞ்சில் உட்காரவைத்தால் லாய்ட் ஏன் அவ்வளவு கொதித்தார் என்பதற்கு, அவருடைய குணத்தோடு இதுவும் காரணம்.

2011 உலகக் கோப்பை இறுதியாட்டம், ஃபிராங்க்ஃபர்ட். கூடுதல் நேரம் முடிந்தும் ஜப்பானோடு 2-2. ஜப்பானின் இரண்டாவது கோலை 117-ஆவது நிமிஷத்தில் அடித்தவர் ஹோமாரே சாவா. அந்தப் போட்டியின் சிறந்த ஆட்டக்காரர் விருதும், அதிக கோலுக்கான விருதும் சாவாவுக்கே. நடுக்களத்தில் நின்று ஆட்டத்தை நடத்திக்கொண்டே கோலும் அடிப்பது எப்படி என்று காட்டியவர். லாய்டால் ஒருபோதும் சாவா ஆக முடியவில்லை என்பதை அவருடைய ரசிகனாகவே சொல்கிறேன். பெனால்டி ஷூட்டவுட்டில் லாய்ட் அடித்த பந்து குறுக்குக் கம்பத்துக்கு மேலே பறந்தது. பாக்ஸ், டோபின் ஹீத் அடித்தவற்றை ஜப்பான் கோல்கீப்பர் அயூமி கைஹோரி தடுத்தார். கோப்பை ஜப்பானுக்கு. கைஹோரியின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த வருஷம் லண்டன் ஒலிம்பிக்குக்கு முன்னால் சுந்தாகே லாய்டைத் தொடக்க அணியிலிருந்து நீக்கினார். பாக்ஸுக்குப் பக்கத்தில் லாரன் செய்னி ஆடுவார் என்பது முடிவு. (செய்னிதான் திருமணத்துக்குப் பிறகு லாரன் ஹாலிடே.) பந்தை வீணாக்காதவர், நிதானமானவர்; காகிதத்தில் பார்த்தால் சுந்தாகே செய்தது சரிதான். ஜூலை 25, கிளாஸ்கோவில் பிரான்ஸுக்கு எதிராக முதல் ஆட்டம். 17-ஆவது நிமிஷத்தில் பாக்ஸ் தொடைத் தசை பிடித்து வெளியேற, லாய்ட் உள்ளே வந்தார். அமெரிக்கா அப்போது 0-2 பின்தங்கியிருந்தது. முடிவு 4-2 அமெரிக்காவுக்கு. மூன்றாவது கோல், அதாவது அணியை முன்னிலைக்குக் கொண்டுபோன கோல், லாய்டுடையது. அதற்கப்புறம் அவரை யாரும் வெளியே எடுக்கவில்லை. ஆகஸ்ட் 9, வெம்ப்ளியில் 80,203 பேர் முன்னால் இறுதியாட்டம், மறுபடி ஜப்பான். 8-ஆவது நிமிஷத்தில் குனிந்து தலையால் ஒன்று. 54-ஆவது நிமிஷத்தில் நடுக்களத்திலிருந்து தானே பந்தை ஓட்டிக்கொண்டு போய்ப் பெட்டிக்கு வெளியிலிருந்து வலது காலால் ஒன்று. 2-1. அடுத்தடுத்து இரண்டு ஒலிம்பிக் இறுதியாட்டங்களில் வெற்றி கோல் அடித்தவர் என்ற பெயர் வந்தது.

2015-க்குப் போவதற்கு முன் இதையே அவருடைய கரியரின் உச்சம் என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கும் அந்த இரண்டாவது வெம்ப்ளி கோல் மேல் தனிப் பிரியம். லாய்ட் என்றால் என்ன என்பது அந்த ஓட்டத்தில் அப்படியே இருக்கிறது: முன்னால் காலி இடம், பின்னால் யாரோ காவல், பாஸ் கொடுக்கும் எண்ணமே இல்லை.

2015-ஐ எடுத்துக்கொள்வோம். எல்லோரும் இறுதியாட்டத்தைத்தான் பேசுவார்கள். விஷயம் அதற்கு முந்தைய ஆட்டங்களில் இருக்கிறது.

ஜில் எல்லிஸ் கனடாவில் அணியை 4-4-2 அமைப்பில் (தற்காப்பில் நான்கு பேர், நடுக்களத்தில் நான்கு, முன்னால் இரண்டு) இறக்கினார். நடுக்களத்தின் மையத்தில் இரண்டே பேர், லாய்டும் ஹாலிடேயும். இருவருமே முன்னால் போக விரும்புகிறவர்கள். இருவரையும் காவலுக்கு நிற்கச் சொன்னால் எப்படி? கிரிக்கெட்டில் கடைசி ஓவர்களில் விளாசுகிற ஆளை ஓப்பனிங் இறக்கி, விக்கெட்டைக் காப்பாற்றச் சொன்ன மாதிரி ஆயிற்று. ஆஸ்திரேலியாவை 3-1 வென்று, ஸ்வீடனோடு கோலில்லா டிரா செய்து, நைஜீரியாவை 1-0 வென்று அணி முன்னேறியதே தவிர, ஆட்டம் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இல்லை. குரூப் ஆட்டங்களில் லாய்ட் ஒரு கோலும் அடிக்கவில்லை. ஸ்வீடனின் பயிற்சியாளர் அப்போது யார் தெரியுமா? அதே பியா சுந்தாகே. போட்டி தொடங்கும் சமயத்தில் ஒரு பேட்டியில் அவர், லாய்டைப் பயிற்றுவிப்பது சிரமம் என்றும், தன்மேல் நம்பிக்கை இருக்கிறது என்று தெரிந்தால் லாய்ட் மிகச் சிறந்தவர்களில் ஒருவர், அந்த நம்பிக்கையில் சந்தேகம் வந்துவிட்டால் மிக மோசமானவர்களில் ஒருவர் என்றும் சொல்லியிருந்தார். அமெரிக்காவில் பெரிய சலசலப்பு. எனக்கு அது குத்தலாகத் தெரியவில்லை. ஐந்து வருஷம் கூடவே இருந்த ஒருவரின் துல்லியமான கணிப்பாகவே தெரிகிறது.

கொலம்பியாவுக்கு எதிரான ஆட்டத்தில் வாம்பாக் ஒரு பெனால்டியை வெளியே அடித்துவிட்டார். அடுத்த பெனால்டியை லாய்ட் எடுத்து உள்ளே போட்டார். ஆனால் அந்த ஆட்டத்தில் நடந்த முக்கியமான சங்கதி வேறு: ஹாலிடேயும் மெகன் ரபினோவும் தங்கள் இரண்டாவது மஞ்சள் அட்டையை வாங்கி, சீனாவுக்கு எதிரான காலிறுதியில் ஆட முடியாதபடி ஆனார்கள்.

வேறு வழியில்லாமல் எல்லிஸ் மார்கன் ப்ரையன் என்ற இளம் ஆட்டக்காரரைத் தற்காப்புக்கு முன்னால் நிறுத்தினார். லாய்டை முன்னால் அனுப்பினார். கயிறு அவிழ்த்துவிட்டாயிற்று. 51-ஆவது நிமிஷத்தில் ஜூலி ஜான்ஸ்டன் பின்னாலிருந்து தூக்கிப்போட்ட பந்தை லாய்ட் தலையால் முட்டி உள்ளே தள்ளினார், 1-0. ஹாலிடே திரும்பி வந்த பிறகும் எல்லிஸ் பழைய அமைப்புக்குப் போகவில்லை. ஜெர்மனிக்கு எதிரான அரையிறுதியில் ஹாலிடேயும் ப்ரையனும் பின்னால், லாய்ட் 10-ஆம் எண் இடத்தில், அலெக்ஸ் மார்கன் தனியாக முன்னால். வாம்பாக் பெஞ்சில். உலகிலேயே அதிக சர்வதேச கோல் அடித்திருந்த ஆட்டக்காரரை உட்காரவைத்து லாய்டுக்கு இடம் செய்த முடிவு அது. துணிச்சல் என்று சொல்வேன், ஆனால் அதற்கு வழிகாட்டியது இரண்டு மஞ்சள் அட்டைகள். ஜெர்மனியின் செலியா சாசிச் பெனால்டியை வெளியே அடித்தார். சற்று நேரத்தில் அமெரிக்காவுக்கு ஒரு பெனால்டி. அலெக்ஸ் மார்கன் விழுந்தது பெட்டிக்கு வெளியே என்று இன்றும் வாதாடுபவர்கள் உண்டு, வீடியோவைப் பார்த்தால் அவர்கள் பக்கம்தான் நியாயம் தெரிகிறது. லாய்ட் அடித்தார். ஆட்டம் 2-0.

ஜூலை 5, வான்கூவர். மூன்றாவது நிமிஷம்: ரபினோவின் கார்னர் தரையோடு வருகிறது. எல்லோரும் உயரப் பந்துக்குக் காத்திருக்க, லாய்ட் பெட்டிக்கு வெளியிலிருந்து குறுக்கே ஓடிவந்து தட்டிவிட்டார். ஐந்தாவது நிமிஷம்: ஹாலிடேயின் ஃப்ரீ கிக், அதுவும் தாழ்வாக, நடுவில் ஜான்ஸ்டனின் கால் பட்டு வர, லாய்ட் முந்திக்கொண்டார். இரண்டுமே பயிற்சியில் ஒத்திகை பார்த்த வகை. உயரப் பந்தை எதிர்பார்த்து நின்ற ஜப்பானியத் தற்காப்பு, தரைப் பந்தைச் சமாளிக்க முடியாமல் திணறியது. 14-ஆவது நிமிஷத்தில் ஹாலிடே ஒன்று. 16-ஆவது நிமிஷத்தில் மைதானத்தின் நடுக்கோட்டருகே பந்து லாய்டிடம் வந்தது. தலை நிமிர்ந்து பார்த்தார், கைஹோரி முன்னால் வந்து நிற்கிறார். அங்கிருந்தே அடித்தார். பின்னோக்கி ஓடிய கைஹோரி தடுமாறி, கை நீட்டி, விரலில் பட்ட பந்து கம்பத்தில் மோதி உள்ளே போனது. 2011-இல் ஷூட்டவுட்டில் அமெரிக்காவை வீழ்த்திய அதே கோல்கீப்பர்.

பெண்கள் உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் முதல் ஹாட்ரிக். ஆண்கள் பக்கம் அதுவரை 1966-இல் இங்கிலாந்தின் ஜெஃப் ஹர்ஸ்ட் ஒருவர்தான் செய்திருந்தார். ஆட்டம் 5-2. கடைசிப் பத்துப் பன்னிரண்டு நிமிஷத்துக்கு வாம்பாக் உள்ளே வந்தபோது லாய்ட் தன் கேப்டன் பட்டையைக் கழற்றி அவர் கையில் மாட்டிவிட்டார். நான்காவது கோலையும் தான் மனதுக்குள் ஒத்திகை பார்த்திருந்ததாகப் பிறகு சொன்னார். இறுதியாட்டத்தில் நான்கு கோல் அடிப்பதாகக் கற்பனை செய்து பயிற்சி எடுப்பாராம். ஒன்று பாக்கி.

அந்த வருஷத்தின் உலகின் சிறந்த வீராங்கனை விருது அவருக்குப் போனதில் யாருக்கும் மனக்குறை இல்லை. 2016-க்கான விருதும் அவருக்கே போனதுதான் எனக்குச் சம்மதமில்லை. ஹாலிடே ஓய்வு பெற்றுவிட்டார். நடுக்களத்தை மறுபடி கட்ட வேண்டியிருந்தது. ரியோ ஒலிம்பிக் காலிறுதியில் ஸ்வீடன் பின்னால் குவிந்து நின்று, லாய்ட் ஓடுவதற்கான காலி இடத்தையே இல்லாமல் செய்துவிட்டது. திட்டம் போட்டவர் சுந்தாகே. லாய்டுக்கு எது பிடிக்காது என்று அவரைவிட யாருக்குத் தெரியும்? 1-1, ஷூட்டவுட்டில் அமெரிக்கா வெளியே. அந்த ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற ஜெர்மனியின் நடுக்கள வீராங்கனை மெலானி பெரிங்கர் 5 கோலோடு அதிக கோல் அடித்தவரும்கூட. விருது அவருக்குப் போயிருக்க வேண்டும்.

அதே 2016-இல்தான் லாய்ட், சோலோ, மார்கன், ரபினோ, பெக்கி சவர்பிரன் ஐந்து பேரும் ஆண்களுக்கு நிகரான சம்பளம் கேட்டு, வேலைவாய்ப்பில் பாகுபாட்டை விசாரிக்கும் அமெரிக்க அரசு ஆணையத்தில் புகார் கொடுத்தார்கள். 2014-இல் ஆண்கள் உலகக் கோப்பையை வென்ற ஜெர்மனிக்குப் பரிசு 3.5 கோடி டாலர். 2015-இல் வென்ற லாய்டின் அணிக்கு 20 லட்சம். பரிசுத் தொகை ஃபிஃபாவின் கையில் இருப்பது, புகார் சொந்த சம்மேளனத்தின் மேல்; இரண்டும் வேறு வேறு கணக்கு. ஆனால் பெண்கள் ஆட்டத்துக்கு என்ன மதிப்பு வைத்தார்கள் என்பது இந்த எண்ணிலேயே தெரியும். 2019 மார்ச் 8-ஆம் தேதி 28 ஆட்டக்காரர்கள் வழக்குப் போட்டார்கள். 2022 பிப்ரவரியில் 2.4 கோடி டாலருக்குச் சமரசம் ஆனபோது லாய்ட் ஓய்வு பெற்றிருந்தார்.

கிளப் பக்கம் 2017-இல் சில மாதம் மான்செஸ்டர் சிட்டி. வெம்ப்ளியில் இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பை இறுதியாட்டத்தில் பர்மிங்ஹாம் சிட்டியை 4-1 வென்றபோது ஒரு கோல் அவருடையது. பெண்கள் எஃப்.ஏ. கோப்பையை சிட்டி வென்றது அதுவே முதல் தடவை. பிறகு சொந்த மாநிலத்தின் ஸ்கை ப்ளூவுக்குத் திரும்பினார். 2018 சீசனில் அந்த அணி ஆடிய 24 ஆட்டத்தில் ஒன்றே ஒன்றை வென்றது. உலகின் சிறந்த வீராங்கனை என்று இரண்டு தடவை பட்டம் வாங்கியவர் ஆடிய இடம் அது. கிளப் கரியரில் இதற்கு மேல் சொல்ல பெரிதாக இல்லை.

2019 உலகக் கோப்பைக்குள் எல்லிஸ் புதிய விடையோடு வந்திருந்தார்: ஜூலி ஜான்ஸ்டன் (அதற்குள் ஜூலி எர்ட்ஸ் ஆகியிருந்தார்) 6-ஆம் எண் இடத்தில், அவருக்கு முன்னால் ரோஸ் லவெல், சாமந்தா மியூயிஸ், லிண்ட்சே ஹொரன் ஆகியோரில் இருவர். 36 வயது லாய்டுக்கு நடுக்களத்தில் இடமில்லை. ஸ்ட்ரைக்கராக, மாற்று ஆட்டக்காரராக வந்தார். கேள்விக்கான பதிலின் இன்னொரு துண்டு இது: அவர் முழுநேர முன்வரிசைக்காரர் ஆனது இந்தக் கடைசிக் கட்டத்தில்தான். தாய்லாந்துக்கு எதிராக ஒரு கோல், சிலிக்கு எதிராகத் தொடக்கத்திலிருந்து ஆடி இரண்டு. 2015-இன் கடைசி நான்கு ஆட்டங்களையும் சேர்த்தால் உலகக் கோப்பையில் தொடர்ந்து ஆறு ஆட்டங்களில் கோல், சாதனை. சிலி ஆட்டத்தில் ஹாட்ரிக்குக்குக் கிடைத்த பெனால்டியை வெளியே அடித்தார். அமெரிக்கா கோப்பையை வென்றது. தனக்கு அந்தக் காலம் கசப்பாக இருந்ததை லாய்ட் மறைக்கவே இல்லை. அணியின் நன்மைக்கு என்று புன்னகைத்துக்கொண்டு உட்காருகிற ஆள் அவர் இல்லை. இதை அகங்காரம் என்பவர்களுக்கு நான் மறுப்புச் சொல்ல மாட்டேன்; 2012-இல் கிளாஸ்கோவில் உள்ளே வந்தவுடன் ஆட்டத்தைத் திருப்பியதும் அதே அகங்காரம்தான். எல்லிஸின் முடிவும் சரி.

2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் அணி தடுமாறியது. ஸ்வீடனிடம் 0-3, அரையிறுதியில் கனடாவிடம் 0-1. வெண்கலத்துக்கான ஆட்டத்தில் 39 வயது லாய்ட் இரண்டு கோல் அடிக்க, ஆஸ்திரேலியாவை 4-3 என்று வென்றார்கள். நான்கு ஒலிம்பிக்கிலும் கோல். மொத்தம் 10, அமெரிக்கப் பெண்கள் கால்பந்தில் அதுதான் அதிகம். அடுத்த மாதம் பராகுவேயை 9-0 அடித்த ஆட்டத்தில் அவர் பங்கு ஐந்து.

ஃபௌடியின் 45-ஐ லாய்ட் தாண்டியது 2013-இல், 31 வயதில். அப்படியானால் 134-இல் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு அதற்குப் பிறகு வந்தவை. நடுக்களத்தில் மேலே நகர நகரக் கோல் கூடியது. கடைசியில் நடுக்களத்தையே விட்டு வெளியே போனார். ஆகவே மிட்ஃபீல்டர் என்று எழுதுவது தவறல்ல, கடைசி மூன்று நான்கு வருஷத்துக்கு மட்டும் அது பொருந்தாது. 2015 இறுதியாட்டத்தைக் கழித்தாலும் இரண்டு ஒலிம்பிக் தங்கம், இரண்டுக்கும் அவருடைய வெற்றி கோல், இன்னொரு உலகக் கோப்பை, 131 கோல், 315 ஆட்டம் மிஞ்சும்.

பார்க்க நினைத்தால் வான்கூவர் ஹாட்ரிக்கைக் கடைசியாக வையுங்கள். முதலில் 2015-இன் ஸ்வீடன் ஆட்டம், உடனே சீனா ஆட்டம். இரண்டிலும் பந்தைப் பார்க்காமல் லாய்டை மட்டும் பாருங்கள்: பந்து எதிரணியிடம் போகும்போது அவர் எங்கே நிற்கிறார், அவருக்கும் தற்காப்பு வரிசைக்கும் நடுவே யார் இருக்கிறார் என்று. ஸ்வீடன் ஆட்டத்தில் அந்த இடம் அடிக்கடி காலியாக இருக்கும். சீனா ஆட்டத்தில் அங்கே மார்கன் ப்ரையன் நிற்பார்.